பேஸ் இமேஜ் யார் கணக்கில் இருக்கிறது? பைப்லைன் வேலையை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சிஐ பைப்லைன் (கோடு மாறும்போதெல்லாம் பில்டு தானாக ஓடும் ஏற்பாடு) அமைத்து, கண்டெய்னர் இமேஜ் (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொட்டலம்) பில்டு செய்து, ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களை வைத்து எடுக்கும் ஆன்லைன் கிடங்கு) ஏற்றுவது வரை எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆண்டுச் சந்தாவுக்கு வேலை எடுக்கும் ஒரு நிறுவனத்திடம் நாங்கள் நன்றாக மாட்டிக்கொண்டோம். பெயர் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் போயிருக்கிறது, வக்கீல் வாயைத் திறக்காதீர்கள் என்கிறார். என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லத் தடையில்லை. இதே மாதிரி கொட்டேஷன் கையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

எங்களுடையது துணிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். கடைக்கு ஒரு சின்ன சர்வர், அதில் இமேஜை கண்டெய்னராக ஓட்டும் டாக்கர். டெவலப்பர்கள் எல்லாரும் ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் என்பதால் இந்த வேலையை வெளியே கொடுத்தோம். கொட்டேஷனில் மூன்று விஷயங்களுக்குத் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள்: பாதுகாப்பு பலப்படுத்தப்பட்ட பேஸ் இமேஜ் (எங்கள் இமேஜுக்கு அடித்தளமாக இருக்கும் இமேஜ்), பிரைவேட் ரெஜிஸ்ட்ரி, ஒவ்வொரு பில்டிலும் வல்னரபிலிட்டி ஸ்கேன் (பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் சோதனை).

சந்தா முடியும் நேரத்தில் கட்டணத்தை ஏகத்துக்கு ஏற்றினார்கள். சரி, இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதி அனுப்பினோம். அதற்குப் பிறகு வந்த முதல் ரிலீஸில் பில்டு, டாக்கர்ஃபைலின் (இமேஜ் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) முதல் வரியிலேயே விழுந்தது. 'புல் ஆக்சஸ் டினைடு, அப்படி ஒரு ரெபாசிட்டரி இல்லை அல்லது லாகின் தேவைப்படலாம்' என்ற செய்தி. புல் என்றால் இமேஜை இறக்குவது; ரெபாசிட்டரி என்றால் ரெஜிஸ்ட்ரியில் ஓர் இமேஜுக்கான இடம். இரண்டில் எது என்று டாக்கர் சொல்லாது; நாம்தான் விசாரிக்கவேண்டும். விசாரித்தோம். பேஸ் இமேஜ் இருந்தது டாக்கரின் பொது ரெஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப்பில், அவர்களுடைய கணக்கில். எங்கள் மென்பொருளின் இமேஜும் அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது. போன் செய்தால், "சார், பேஸ் இமேஜ் எங்க ஐபி (அறிவுசார் சொத்து). ரினியூ பண்ணீங்கன்னா உடனே ஆக்சஸ் வந்துடும்" என்றார் அவர்களுடைய மேனேஜர், ரொம்ப மரியாதையாக.

ஒரு நல்ல விஷயம்: ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர் இதனால் நிற்காது. பேஸ் இமேஜின் லேயர்கள் (இமேஜ் கட்டப்பட்ட அடுக்குகள்) எல்லாம் கடைசி இமேஜுக்குள்ளேயே இருக்கும், அது ஒவ்வொரு கடை சர்வரின் டிஸ்கிலும் இருந்தது. ஒரு கடையிலிருந்து டாக்கர் சேவ் கட்டளை போட்டு அதைக் கோப்பாக எடுத்து வந்தோம். வந்ததை அப்படியே எங்கள் கணக்கில் ஏற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

டாக்கர் ஹிஸ்டரி கட்டளையைச் சுருக்காமல் முழுதாகக் காட்டும்படி ஓட்டினால், இமேஜ் எந்தெந்தக் கட்டளைகளால் கட்டப்பட்டது என்பது வரிவரியாக வரும். புதியது மேலே, பழையது கீழே. அதனால் கீழிருந்து மேலாக வாசிக்கவேண்டும். அடியில் சாதாரண டெபியன் லினக்ஸ். அதன்மேல் ஆப்ட்-கெட் போட்டு நிறுவிய சில பொதிகள். அப்புறம் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றும் ஒரு வரி. அப்புறம் ஒரு லேபிள்: 'ஹார்டன்டு=ட்ரூ'. அவ்வளவுதான் அவர்களுடைய ஐபி. பலப்படுத்துவது என்றால் லேபிள் ஒட்டுவது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது! அந்த டெபியனும் 10, அதாவது பஸ்டர். நீண்டகால ஆதரவும் சேர்த்து அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன. எங்கள் ஒப்பந்தமே அதற்குப் பிறகுதான் கையெழுத்தானது.

இன்னும் கொஞ்சம் மேலே வந்தால் வயிறு கலங்கியது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் ஓடிய வரியின் தொடக்கத்தில் எங்கள் என்பிஎம் டோக்கன் (கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவி), முழுதாக, ஒரு எழுத்துகூட மறைக்கப்படாமல். பில்டு ஆர்க்யூமென்ட்டாக (பில்டு ஓட்டும்போது சேர்த்துக் கொடுக்கும் மதிப்பு) ரகசியத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். அந்த மதிப்பு ரன் கட்டளையோடு சேர்ந்து இமேஜின் வரலாற்றில் பதிந்துவிடும். டாக்கரின் ஆவணங்களே இப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. அடுத்த வரியில் டோக்கன் இருந்த என்பிஎம்ஆர்சி கோப்பை அழித்திருந்தார்கள். அதிலும் பயனில்லை; ஒரு லேயரில் எழுதியதை அடுத்த லேயரில் அழித்தால் அது மறைக்கப்படும், போகாது. முந்தைய லேயரைத் தனியாகப் பிரித்தால் கோப்பு அங்கேயே இருக்கும். டாக்கரின் பில்டு கருவியான பில்ட்கிட்டில் சீக்ரெட் மவுன்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த ஒரு கட்டளை ஓடும்வரை மட்டும் ரகசியத்தைக் கோப்பாகக் காட்டும், லேயரில் எதையும் விடாது. சின்ன மாற்றம்தான்.

இதனால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 2021-ல், சோதனைகளில் எவ்வளவு கோடு ஓடுகிறது என்று அளக்கும் கோட்கவ் நிறுவனத்தின் டாக்கர் இமேஜ் உருவாக்கும் முறையில் இருந்த பிழையால் ஒரு சாவி வெளியே போனது. அதை வைத்து, வாடிக்கையாளர்கள் தங்கள் சிஐ-யில் ஓட்டும் பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டையே யாரோ மாற்றிவிட்டார்கள். ஜனவரி 31-ல் தொடங்கியது ஏப்ரல் 1-ல்தான் தெரியவந்தது, அதுவும் ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரிப்டின் ஹேஷை (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) சரிபார்த்ததால்.

சரி, ரெஜிஸ்ட்ரிதான் பிரைவேட் ஆயிற்றே? அதையும் பார்த்தோம். கடை சர்வர்களில் டாக்கரின் கான்ஃபிக் கோப்பில் எந்த லாகினும் இல்லை. லாகின் இல்லாமல் இத்தனை நாள் இமேஜ் இறங்கியிருக்கிறது என்றால் அது உலகத்துக்கே திறந்து கிடந்தது என்று அர்த்தம். டாக்கர் ஹப்பின் இலவசக் கணக்கில் ஒரு பிரைவேட் ரெபாசிட்டரிதான் கிடைக்கும். அதற்குமேல் வேண்டுமானால் பணம் கட்டவேண்டும். எங்களிடம் வாங்கினார்கள், அங்கே கட்டவில்லை. இடையிடையே பில்டு 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்று விழுந்ததற்கும் இப்போது காரணம் புரிந்தது. அப்போது "டாக்கர் ஹப் டவுன் சார்" என்பார்கள். 2020 நவம்பரிலிருந்து லாகின் செய்யாமல் இழுப்பவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 புல் என்ற வரம்பு வந்தது. எங்கள் ரன்னர் (பைப்லைன் வேலைகள் ஓடும் கணினி) அலுவலக நெட்வொர்க்கில்தான் இருந்தது, மொத்த அலுவலகத்துக்கும் ஒரே முகவரி.

ஸ்கேன் விஷயம் இன்னும் அழகு. பைப்லைனில் டிரிவி என்ற ஸ்கேன் கருவி உண்மையாகவே ஓடியது. லாகைத் திறந்தால் 'கிரிட்டிகல்' என்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, கடைசியில் பச்சை டிக். ஓட்டை கண்டுபிடித்தாலும் டிரிவி இயல்பாக 0, அதாவது 'எல்லாம் சரி', என்றுதான் திரும்பும். எக்ஸிட் கோட் 1 என்று நாம் கேட்டால்தான் பில்டு விழும். அதை அவர்கள் போடவில்லை. போட்டிருந்தாலும் புண்ணியமில்லை, ஏனென்றால் ஸ்கேன் கட்டம் புஷ்ஷுக்கு (ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுவதற்கு) பிறகு வைக்கப்பட்டிருந்தது. இமேஜ் லேட்டஸ்ட் என்ற டேக்கில் (வெர்ஷன் பெயர்) ஏறிய பிறகு ஸ்கேன் செய்வது, பிணத்துக்கு ஜுரம் பார்ப்பது மாதிரி.

இப்படி வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ரெஜிஸ்ட்ரி கணக்கும் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஆர்கனைசேஷனும் உங்கள் நிறுவன மின்னஞ்சலில் நீங்களே திறந்ததாக இருக்கட்டும். அவர்களுக்குத் தேவையான அளவு மட்டும் உரிமை உள்ள டோக்கன் கொடுத்தால் போதும். டாக்கர்ஃபைலில் பேஸ் இமேஜைக் குறிப்பிடும் ஃப்ரம் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இமேஜின் டாக்கர்ஃபைலும் உங்கள் ரெபாசிட்டரிக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்றும் உரிமை உள்ள எவரும் டேக்கை வேறு இமேஜுக்குத் திருப்பலாம் என்பதால் பேஸ் இமேஜை டைஜெஸ்ட் (இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ்) கொண்டு பூட்டச் சொல்லுங்கள். கிட்ஹப்பின் பைப்லைன் கோப்பான ஒர்க்ஃப்ளோவில் நாம் சேர்க்கும், பிறர் எழுதிய ஆக்‌ஷன்களுக்கும் இதே கதைதான். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனில் பழைய வெர்ஷன் டேக்குகளைத் தீங்கான கமிட்டுக்கு (பதிவு செய்த கோடு மாற்றம்) திருப்பி, ரன்னர் மெமரியில் இருந்த ரகசியங்களை பில்டு லாகில் கொட்டவைத்தார்கள். 23,000-க்கும் மேற்பட்ட ரெபாசிட்டரிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. முழு கமிட் ஹேஷைக் குறிப்பிட்டிருந்தவர்களுக்கு டேக் திரும்பியதால் ஒன்றும் ஆகவில்லை.

வேலையை ஒப்படைக்கும் நாளில் ஹிஸ்டரியை உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஓர் ஓட்டை இமேஜைக் கொடுத்து பைப்லைன் சிவப்பாகிறதா என்றும் பாருங்கள். மழுப்பினால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் டோக்கன்கள் எல்லாவற்றையும் ரத்து செய்து புதிதாக எடுத்துவிட்டோம். இமேஜை நீக்கினாலும் ஏற்கெனவே இறக்கியவர் கையில் அது இருக்கும் என்பதால் அதைத்தான் முதலில் செய்தோம். பேஸ் இமேஜை டெபியன் 12-க்கு மாற்றி எங்கள் கணக்கிலேயே கட்டுகிறோம். கட்டிய பணம் திரும்பவில்லை. நோட்டீஸுக்குப் பதிலாக அவர்கள் அனுப்பியது புதுப்பித்தல் இன்வாய்ஸ். அதில் 'பிரைவேட் ரெஜிஸ்ட்ரி' கட்டணம் இன்னும் ஏறியிருக்கிறது.