கிழங்கு சீசனில் ரெய்ஸ் லாக்: போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனுக்குள்ளிருந்து லாக் எழுதிய அனுபவம்

சேலம் பக்கத்து சேகோ ஆலை ஒன்றில் மரவள்ளிக் கொள்முதல் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. வண்டி எடைமேடை ஏறி, மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து முடிந்ததும் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல் மொழி) ஃபங்ஷன் ஒன்றே விலையைப் போட்டு பில்லை எழுதிவிடும். மூன்று சீசனாக அதற்குள்ளிருந்து லாக் எழுதியதில் தேறியதையும் தேறாததையும் சொல்கிறோம்.

ஃபங்ஷனுக்குள்ளிருந்து செய்தி வெளியிடும் கட்டளை ரெய்ஸ்; அதோடு நோட்டீஸ், லாக் என்று செய்தியின் நிலையையும் சொல்வோம். இதில் ரெய்ஸ் நோட்டீஸ் சோதனைக்கு மட்டும்தான். சர்வர் ஃபைலில் எது விழும் என்பதைத் தீர்மானிக்கும் லாக் மின் மெசேஜஸ், அமைப்பை மாற்றாதவரை வார்னிங்கில் நிற்கும். நோட்டீஸ் அதற்குக் கீழே. செய்தி கிளையண்டுக்கு, அதாவது டேட்டாபேஸை அழைத்த புரோகிராமுக்குப் போகும், அங்கே அதைப் பார்க்க ஆள் இருக்காது. பைதானிலிருந்து போஸ்ட்கிரெஸை இணைக்கும் சைக்கோபிஜி2 லைப்ரரி கடைசி 50 செய்திகளைத்தான் வைத்திருக்கும். ரெய்ஸ் லாக் நேர் எதிர்: ஃபைலில் விழும், பில் போடுகிறவர் கண்ணில் படாது. நமக்கு வேண்டியது இதுதான்.

லாக் டேபிள் வைத்து இன்சர்ட் செய்யலாமே என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். பில் பாதியில் தவறி ரோல்பேக் ஆனால் (அதுவரை எழுதியதெல்லாம் ரத்தானால்) அந்த வரியும் கூடவே போய்விடும். எந்த வண்டிக்குத் தகராறோ அதற்குத்தான் தடயம் இருக்காது! ஃபைலில் விழுந்தது ரோல்பேக்கிலும் நிற்கும். டேபிள்தான் வேண்டுமென்றால் டிபிலிங்க் என்ற எக்ஸ்டென்ஷன் வழியாகத் தனி இணைப்பில் எழுதலாம். ஆனால் வண்டிக்கு ஒரு இணைப்பு திறந்து மூடுவது வீண் சுமை. டேபிளில் நேரத்துக்கு நவ் போடாதீர்கள். அது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்திலேயே உறைந்து நிற்கும். அந்தக் கணத்து நேரத்தைத் தரும் கிளாக் டைம்ஸ்டாம்ப் போடுங்கள்.

பாயிண்ட் எழுதும்போது சதவீதக் குறி படுத்தும் பாடு தனி. ரெய்ஸில் ஒற்றை % மாறிக்கான இடம், %% என்றால்தான் நிஜக் குறி. 'சத்து 28%' என்று நேரடியாக எழுதினால், மாறி குறைகிறது என்று சொல்லி ஃபங்ஷனே உருவாகாது. சரி என்று '%%%' போட்டால் முதல் இரண்டும் குறியாகி, மூன்றாவதில் மதிப்பு உட்கார்ந்து '%28' என்று வரும். நடுவில் இடைவெளி விட்டு '% %%' என்று எழுதினால் '28 %'. மாறிகளை || போட்டு ஒட்டவும் வேண்டாம், ஒன்று நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆனால் மொத்தமும் நல். % வழியாகக் கொடுத்தால் அந்த இடத்தில் மட்டும் <நல்> என்று ஆங்கிலத்தில் விழும்.

குறை என்றால் ஃபைல் பருமன்தான். ஒவ்வொரு ரெய்ஸ் லாக்கோடும் கான்டெக்ஸ்ட் (ஃபங்ஷனில் எந்த இடம்), ஸ்டேட்மென்ட் (எந்தக் கட்டளை) வரிகளும் சேர்ந்து வரும். லாக் எரர் வெர்போசிட்டி அமைப்பை டெர்ஸ் (சுருக்கம்) ஆக்கினால் கான்டெக்ஸ்ட் நிற்கும்; ஆனால் நிஜப் பிழை வரும்போதும் எந்த வரி என்று தெரியாமல் போகும். அதைத் தொடாமல், லூப்புக்குள் இருந்த ரெய்ஸை வெளியே எடுத்து வண்டிக்கு ஒரு வரி என்று வைத்ததே சரிப்பட்டது.

லாக் டைம்ஸோனையும் பார்த்துவிடுங்கள். யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருந்தால் காலை 6 மணி வண்டி நள்ளிரவு 12.30 என்று பதிவாகும்.