மலையேறுபவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி என்று பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கக் கடைச் சுவர்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. மலை நடைப் பயணிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் சர்வதேசத் தரத்தில் முதலுதவி, பாதுகாப்புப் பயிற்சி, இரண்டே நாள், முழுவதும் தமிழில் என்று பெரிதாகப் போட்டிருக்கும். இந்தச் சான்றிதழ் இருந்தால் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யலாம் என்று கீழே ஒரு வரியும் இருக்கும். நானும் தம்பியும் அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டிப் போய்வந்தோம். அங்கே சொல்லித்தந்தவற்றில் பல, ஆளைக் கொல்லக்கூடியவை. பணம் போனதுகூட இரண்டாம்பட்சம்தான். அதைக் கற்றுக்கொண்டு போன பிள்ளைகள் நாளைக்கு ஒரு மலையில் நின்று யாருக்காவது செய்து பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் நோட்டீஸ் ஒட்ட அவர்களுக்கு ஒரு நாள் போதும். அதனால் பெயரைவிட அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்து வைத்திருப்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கட்டணம் ஆளுக்கு 18,500 ரூபா. நாட்சம்பளமாக 1,000 ரூபா கேட்டு நம் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்பது தெரியும். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடம்தான் இந்தப் பணத்தை வாங்கினார்கள். கண்டியில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பெக்கோ டிரெயில் நடைபாதை வந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வழிகாட்டி வேலையில் ஒரு ஆசை வந்திருக்கிறது. நியாயமான ஆசை. அந்தப் பாதையில் பெரும்பகுதி அவர்களுடைய தாத்தா பாட்டிகள் கொழுந்துக் கூடையோடு நடந்த பழைய தேயிலைத் தோட்டப் பாதை. அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரம்.

முதல் நாள் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. தமிழில் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார், திரையில் ஆங்கிலத்தில் படங்கள் ஓடின. கையேடு என்று தந்த போட்டோ கொப்பி, கணினியில் போட்டு மொழிபெயர்த்தது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திப் பழக இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒரு பொம்மை, அதுவும் நெஞ்சு உடைந்தது. அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி மேலே வராது. ஒவ்வொருவரும் நான்கைந்து தடவை அழுத்தினோம், உடனே போட்டோ எடுத்தார்கள், அடுத்தவர். வளர்ந்த ஒருவருக்கு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடவேண்டும். அந்த வேகமும் ஆழமும் உடம்புக்குப் பழக வேண்டும். இரண்டு நிமிடம் விடாமல் செய்து, கை சோர்ந்து, இன்னொருவரிடம் கைமாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த மண்டபத்தில் அது யாருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு பாம்புக்கடிப் பாடம். கடித்த இடத்துக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும், பிளேடால் சின்னதாகக் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்றார். தம்பியின் காலில் கட்டியே காட்டினார்.

"சேர், இப்படி இறுக்கினால் கால் அழுகிப்போகாதா?" என்று தம்பி கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும்தானே தம்பி, பயப்பட ஒன்றுமில்லை."

எங்களோடு, தோட்ட டிஸ்பென்சரியில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அக்காவும் வந்திருந்தார். அவர் எழுந்து, "சேர், கட்டவும் கூடாது, கீறவும் கூடாது" என்றார். அது பழைய முறை, இது சர்வதேச முறை என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். உண்மை நேர் எதிர். நம் மலைநாட்டில் தேயிலைக்குள்ளும் காட்டுப் பாதையிலும் அதிகம் கடிப்பது, சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்கிற, மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியன். காய்ந்த இலைக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. விரியன் விஷம் இரத்தம் உறைவதைக் குழப்பிவிடும். அப்படிப்பட்டவரைப் பிளேடால் கீறினால் இரத்தம் நிற்காமல் போகலாம். இறுக்கிக் கட்டினால் அந்த உறுப்புக்கு இரத்த ஓட்டம் நின்று, காலே போய்விடும் அபாயம் இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வைத்தியசாலைகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷத்துக்காகச் செய்தது. இந்தச் சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பதால், கடி சின்னதாக இருந்தாலும் வைத்தியசாலையில் இருந்து இரத்தத்தைச் சோதிக்கத்தான் வேண்டும்.

செய்யவேண்டியது எளிது. ஆளை நடக்கவிடாமல் உட்கார வைத்து அமைதிப்படுத்துங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, காலில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கம்பு வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போங்கள். வலிக்கு அஸ்பிரின் வகை மாத்திரை கொடுக்கவேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும்.

குளிரைப் பற்றி அவர் சொன்னது இன்னொரு ஆபத்து. நனைந்து நடுங்குபவருக்குப் பிராந்தி கொடுத்துக் கைகாலைத் தேய்க்கச் சொன்னார். ஹோர்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி படியும். சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சியில் காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு உடல் வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். மதுபானம் தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவருவதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தரையின் குளிர் ஏறாமல் பையையோ பாயையோ கீழே போட்டு, போர்த்தி, முழு நினைவோடு இருந்தால் சீனி போட்ட சூடான தேநீர் கொடுக்கவேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால், அது நிலைமை மோசமாகிறது என்பதற்கான அடையாளம்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரு தோட்டத்துக்கு மேலே உள்ள மலைத்தொடருக்குக் கூட்டிப்போனார்கள். முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு வேனில் இருக்கிறது என்றார்கள். வேன் கீழே தொழிற்சாலைப் பாதையில் நின்றது. மேலே போனதும், வழி தவறினால் புகை எழுப்பிக் காட்டுவது எப்படி என்று செய்து காட்டப் பச்சை இலைகளைக் குவித்து நெருப்பு வைக்கத் தொடங்கினார். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போட்டார்கள். "ஐயா, அந்தப் பெரிய மரத்துல குளவிக் கூடு இருக்கு, நெருப்பு வைக்காதீங்க!" அவர் கேட்கவில்லை. தோட்டங்களில் குளவி கொட்டி ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகும் செய்தி நமக்குப் புதிதா? அந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்கள் சொன்னதை, இரண்டு நாள் வகுப்பு எடுக்க வந்தவர் கையை ஆட்டி ஒதுக்கிவிட்டார்.

தோட்டங்களில் குளவி என்று சொல்வது, பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீயைத்தான். புகை கூட்டுக்குப் போனதும் அது கூட்டமாக இறங்கியது. எல்லோரும் ஓடினோம். பலருக்குக் கொட்டு விழுந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சிக்குக் கொஞ்ச நேரத்திலேயே உதடும் கண்ணும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கரகரத்து, வாந்தி வந்தது. பயிற்சியாளர் அவள் நெற்றியில் தைலம் தடவி, "மெதுவாக நடந்து வேனுக்குப் போகலாம்" என்று எழுப்பி நிறுத்தினார். நின்றவுடன் கண் சொருகிச் சரிந்தாள்.

இது கடுமையான ஒவ்வாமை. இந்த நிலையில் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும். திடீரென எழுப்பி நிறுத்தினாலோ நடக்க வைத்தாலோ இதயமே நின்றுபோகலாம். டிஸ்பென்சரி அக்காதான் அவரைத் தள்ளிவிட்டு, தேனீ வராத இடத்தில் அவளை மல்லாத்திப் படுக்கவைத்து, கால்களைப் பைகள் மேல் உயர்த்தி வைத்தார். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம் என்றார். தோலில் நின்ற கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுக்கச் சொன்னார். இந்தத் தேனீயின் கொடுக்கோடு விஷப்பையும் தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதுதான் முக்கியம்.

நான் 1990க்கு அழைத்தேன். சுவசெரிய அம்பியூலன்ஸ், இலவசம். தோட்டத்தின் பெயரை நாங்கள் வழக்கமாகச் சொல்லும் தமிழ்ப் பெயரில் சொன்னேன், அவர்களுக்குப் பிடிபடவில்லை. கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர்தான் போனை வாங்கி, தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிஷன், தொழிற்சாலை எல்லாம் சொன்னார். மலைக்குப் போகிறவர்கள் ஏறத் தொடங்கும் முன்பே இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த இடத்தில் சிக்னல் இருந்தது என்பதையும் கவனித்து வையுங்கள். பிறகு அந்தப் பெண்களே தங்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குகளை அவிழ்த்து இரண்டு கம்பில் கட்டித் தந்தார்கள். அதில் படுக்கவைத்தபடியே தொழிற்சாலை வரை தூக்கி இறக்கினோம். வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். தணிந்த ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அவள் இப்போது நலம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பதிவு செய்த அன்று ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கிய தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாம் எங்கள் சொந்தப் பொறுப்பாம். சான்றிதழ் வட்ஸ்அப்பில் வந்தது, அச்சடித்துத் தர இன்னும் 1,500 ரூபா கேட்டார்கள். அந்தச் சான்றிதழால் வழிகாட்டியாக முடியுமா என்றால், முடியாது. வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தை இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைதான் கொடுக்கிறது. முதலுதவிச் சான்றிதழ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. இதை யாராவது வேறு மாதிரிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உண்மையாகவே கற்க விரும்புகிறவர்கள் எங்கே போவது? இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்பியூலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. உங்கள் மாவட்டத்தில் அடுத்தது எப்போது, தமிழில் உண்டா என்று நேரில் கேளுங்கள். தனியார் நிறுவனம் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று இலக்கம் கேட்டுச் சரிபாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை, பாடம் எடுப்பவர் யார், எங்கே பயிற்சி பெற்றவர், கடைசியில் செய்முறைத் தேர்வு உண்டா என்று கேளுங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்கள். நாங்கள் பாம்புக்கடியைப் பற்றிக் கேட்டபோதே எங்கள் பயிற்சியாளரின் முகம் மாறிவிட்டது.

எங்களோடு அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுவது, கீறுவது, பிராந்தி கொடுப்பது என்று கையேட்டில் இருப்பதை யாருக்கும் செய்யாதீர்கள், தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்லியும் கொடுக்காதீர்கள். முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்திருக்கிறோம், அவர்களுடைய இலக்கம் 1977. உங்களிடம் உள்ள வங்கிச் சிட்டை, நோட்டீஸின் படம், வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்கவேண்டாம். அடுத்த பயிற்சிக்கு முற்பணம் கட்டிவிட்டவர்கள், திருப்பித் தரச்சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். எங்களிடம் போனில் தருவதாகச் சொன்னவர்கள், மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள்.