மாற்றியமைத்த செவெல்லை விற்க ‘பிரிங் எ டிரெய்லர்’ ஏலத்தளம்: ஒரு மதிப்புரை

எஞ்சினிலிருந்து பிரேக் வரை மாற்றப்பட்ட ஒரு பழைய அமெரிக்க மசில் காரை (பெரிய எஞ்சின் கொண்ட வேகக் காரை) விற்க முனைபவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், அதன் விலை இன்னதென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியென்றால் ஹேகர்ட்டி நிறுவனம் வெளியிடும் விலைக் கையேட்டைத் திறந்து, 1 முதல் 4 வரையிலான தர வரிசையில் நம் வண்டி எங்கே நிற்கிறதென்று பார்த்து, ஓரளவு சரியான தொகையைச் சொல்லிவிடலாம். என்னிடமிருந்த 1968ஆம் ஆண்டு செவ்ரோலெட் செவெல் மாலிபுவுக்கு அந்த வழி இல்லை. அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த 307 கன அங்குல வி8 எஞ்சினும், இரண்டே கியர்கள் கொண்ட பவர்கிளைடு தானியங்கிப் பெட்டியும் போய், 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சினும், டிரெமெக் நிறுவனத்தின் டி-56 ஆறு கியர் மேனுவல் பெட்டியும், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகளும் வந்துவிட்டன. இத்தகைய வண்டியை ‘ரெஸ்டோமாட்’ என்கிறார்கள். ஓட்டுவதற்கு அருமையானது, விற்பதற்குத் தொல்லையானது.

என்னைப் போல மிச்சிகனில் இருப்பவர்களுக்கு வழிகள் பல. உள்ளூர் விளம்பரம் கொடுத்தால், ஓட்டிப் பார்க்கும் ஆசையில் வருகிறவர்கள்தான் அதிகம். விலை கேட்பவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஜனவரியில் நடக்கும் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் ரெஸ்டோமாட்களுக்குப் பெருந்தொகை கிடைப்பது உண்மைதான் என்றாலும், மேடையேறிக் கைத்தட்டல் வாங்குபவை பெரும்பாலும் பெயர்பெற்ற பட்டறைகள் கட்டிய வண்டிகள். வண்டியை அரிசோனா வரை ஏற்றிச் செல்லும் செலவும் ஏலக் கமிஷனும் சேர்ந்தால், என்னைப் போன்றவர்களுக்குக் கணக்கு உதைக்கும்.

ஆகவே முதலில் நம் சார்பில் கமிஷனுக்கு விற்றுத்தரும் ஒரு கன்சைன்மென்ட் ஷோரூமில் விட்டேன். அங்கே அது மாதக்கணக்கில் தூசி படிந்து நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் வண்டியை, செவெலின் அதிவேக ரகமான ‘எஸ்எஸ்’ என்று எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. முந்தைய உரிமையாளர் எஸ்எஸ் சின்னங்களை ஒட்டியிருந்தார் என்பது வேறு விஷயம். 1968இல் உண்மையான எஸ்எஸ்396 வண்டியின் அடையாள எண் 138 என்று தொடங்கும். வி8 எஞ்சினுடன் வந்த மாலிபுவுக்கு 136. விவரமறிந்த எவரும் நொடியில் கண்டுபிடித்துவிடக்கூடிய பொய் அது; விற்ற பிறகு தெரிந்தால் வழக்குவரை போகும். அன்றே வண்டியைத் திரும்ப எடுத்துவந்தேன்.

அதன் பிறகு நாடியதுதான் பிரிங் எ டிரெய்லர். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில், விற்பனைக்கு வரும் நல்ல பழைய வண்டிகளைச் சுட்டிக்காட்டும் இணையதளமாகத் தொடங்கி, 2014இலிருந்து தானே ஏலம் நடத்திவரும் இத்தளத்தை 2020இல் ஹெர்ஸ்ட் நிறுவனம் வாங்கியது. விற்பவர் கட்டுவது பட்டியலிடும் கட்டணம் மட்டுமே. அடிப்படைத் திட்டத்தில் அது நூறு டாலருக்குள் அடங்கிவிட்டது. ஏலத்தொகைக்கு மேல் 5 சதவீதத்தை வாங்குபவர் தளத்திற்குச் செலுத்துவதால், ஏலம் முடிந்த விலை முழுவதும் நமக்கே வந்து சேர்கிறது. கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் யாராவது விலை கேட்டால் கடிகாரம் மீண்டும் இரண்டு நிமிடத்திற்குத் திரும்பும் என்பதால், கடைசி நொடியில் ஒளிந்திருந்து தட்டிப் பறிக்கும் வித்தை இங்கே பலிக்காது.

விளம்பர வாசகத்தை எழுதுவது நாமல்ல, தளத்தின் ஆட்கள்; நாம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். “கம்பீரம்”, “கண்ணைப் பறிக்கும்” போன்ற சொற்களுக்கு அதில் இடமே இல்லை. முதல் வாசிப்பில் அந்த வறட்சி சற்று ஏமாற்றமளித்தது. ஆனால் மாலிபு மாலிபு என்றே எழுதப்பட்டிருந்தது, சின்னங்கள் பின்னால் ஒட்டப்பட்டவை என்பதும் அடுத்த வரியிலேயே இருந்தது. மீட்டர் பலகை மாற்றப்பட்டிருந்ததால் மொத்த மைல் தெரியாது என்பதும் ஒளிக்கப்படவில்லை.

ஏலம் தொடங்கியதும் கேள்விகள் வந்தன. இச்சேவையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கணிப்பு. டி-56 பெட்டி இந்த உடலமைப்பில் எளிதில் அடங்காது. தரையின் நடுவில் சுரங்கம்போல் எழும்பி நிற்கும் தகரத்தை வெட்டித்தான் பொருத்த வேண்டும். ஒருவர் அதை நன்கு அறிந்தவர் போலும்: தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு வெல்டிங் வரிசையைப் படமெடுத்துப் போடச் சொன்னார். இன்னொருவர் பின்பக்கத் தகரங்களின் மேல் பெயின்ட் தடிமன் காட்டும் கருவியை வைத்து வீடியோ கேட்டார். வலப்பக்கச் சக்கர வளைவுக்கு மேலே மட்டும் எண் எகிறியது. அங்கே பட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு விலை விழும் என்றுதான் நினைத்தேன்; மாறாக, அன்று மாலையே ஏறியது. கேட்டதைக் காட்டுகிற ஆளிடம் வாங்கலாம் என்ற நம்பிக்கை, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விலையைத் தானாகவே உருவாக்குகிறது.

மாற்றங்களிலும் எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பது அந்த உரையாடலிலேயே வெளிப்பட்டது. எஞ்சினும் பிரேக்கும் ரசீதோடு இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. கழற்றிய பழைய இருக்கைகளும் 307 எஞ்சினும் கராஜில் பத்திரமாக இருக்கின்றன, வண்டியோடு சேர்த்தே தரப்படும் என்று எழுதியதும் புதியவர் சிலர் விலை கேட்கத் தொடங்கினர். நான் ஆசை ஆசையாகப் பொருத்திய பெரிய சக்கரங்களையோ ஒருவரும் சீந்தவில்லை. கழற்றிவிட்டு எதைப் போடலாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

செலவிட்ட பணம் திரும்ப வந்ததா என்றால், இல்லை. வண்டி வாங்கிய விலையையும் பட்டறைச் செலவையும் கூட்டிப் பார்த்தால், பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. அதற்குத் தளத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. நம் ரசனைக்கு இன்னொருவர் முழு விலை தரமாட்டார்.

குறைகளும் உண்டு. தளம் எந்த வண்டியையும் நேரில் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில். குறைந்தபட்ச விலை வைத்து அது எட்டப்படாமல் போனால், கேட்கப்பட்ட உச்சத் தொகை அத்தளத்திலேயே நிலைத்துவிடுகிறது. அடுத்து வரும் ஒவ்வொருவரும் அதைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். ஆகவே வீம்புக்கு உயர்ந்த தொகையை வைப்பது ஆபத்து. ஏலம் நடக்கும் நாட்களில் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்லப் பொறுமையும் நேரமும் வேண்டும். அவை இல்லாதவர்களுக்கும், பட்டறை ரசீதுகளைத் தொலைத்துவிட்டவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏலம் முடிந்ததும் இரு தரப்பினரின் தொடர்பு விவரங்களையும் தந்துவிட்டுத் தளம் ஒதுங்கிக்கொள்கிறது. வாங்கியவர் கலிஃபோர்னியாக்காரர். 1975ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையும் அங்கே புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை என்பதால், எஞ்சின் மாற்றம் அவருக்குத் தடையாகவில்லை. வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்ந்த பின்னரே டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) கையெழுத்திட்டேன். மூடிய டிரெய்லருக்கான வாடகையை அவரே கொடுத்தார். 307 எஞ்சின் அதில் ஏறாததால் தனியாக மரச்சட்டமிட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. அச்செலவு யாருடையது என்பதை ஏல வாசகத்திலேயே எழுதிவிடுவது நல்லது.