பன்றியை உயிரோடு கொடுப்பதா, இறைச்சியாக்கி விற்பதா?

இலங்கையில் ஹட்டன் பக்கம் வியாபாரி லொறியோடு வந்தால் உயிர் எடைக்குக் காசு. வேலை அன்றே முடியும். ஆனால் தராசை நீங்களே பார்க்க வேண்டும், கண்மதிப்புக்குக் கொடுத்தால் நட்டம்தான்.

இறைச்சியாக்கினால் 100 கிலோ பன்றியில் தலை, குடல் போக ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ தேறும். உயிர் எடை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இறைச்சி 800க்கு மேல் போகாவிட்டால் லாபமே இல்லை. அனுமதி, வெட்டுக்கூலி, ஐஸ் செலவு வேறு. நத்தாருக்கு முன் இது சரிவரும். மற்ற மாதங்களில் மிஞ்சும் இறைச்சியை யார் வாங்குவது?

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பன்றிகளைக் கொண்டுசெல்லவே கட்டுப்பாடு வந்தது. மனிதருக்குத் தொற்றாத நோய்தான், ஆனாலும் வாங்குவோர் பயந்தார்கள். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கும் லொறியைத் தொழுவத்தருகே விடாதீர்கள். இரண்டு மூன்று பன்றி மட்டும் வளர்ப்பவருக்கு நான் உயிர் எடையையே சொல்வேன்.