பீ.எல்.சி மென்பொருள் உரிமம்: நம் ஆலைகளுக்கு எது பொருந்தும்?

மார்ச் மாதம், பெரும்போக நெல் வந்து குவியும் நேரத்தில், சம்மாந்துறை ஆலையொன்றில் நெல் உலர்த்தியை இயக்கும் பீ.எல்.சி (எழுதிக் கொடுத்த நிரலின்படி இயந்திரங்களை நடத்தும் கட்டுப்படுத்தி) நின்றுவிட்டது. நெல் மூடையொன்றின்மேல் ஆலையின் மடிக்கணினியை வைத்துத் திறந்தபோது நிரல் இருந்தது, அதைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் இல்லை. யூ.எஸ்.பி குச்சியில் வந்த உரிமத்தை வன்தட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பின்னர் வேறொருவர் கணினியை ஃபோர்மட் செய்தபோது அதுவும் சேர்ந்து அழிந்துபோனது. அன்றிலிருந்து உரிமம் பற்றி யார் கேட்டாலும், இந்த நிரலை ஐந்து ஆண்டுகளின் பின் யார், எந்தக் கணினியில் திறக்கப்போகிறார் என்பதையே விலைக்கு முன் கேட்கிறேன்.

சீமென்ஸின் நிரலாக்க மென்பொருளான டி.ஐ.ஏ போர்ட்டலில் ஸ்டெப் 7 பேசிக் என்ற பதிப்பு, எஸ்7-1200 வகை பீ.எல்.சி-க்கு மட்டுமே பயன்படும். எஸ்7-1500, 300, 400 வகைகளுக்கு ஸ்டெப் 7 புரொபெஷனல் வேண்டும். ஓர் உலர்த்தி, இரண்டு எலிவேட்டர், ஒரு கொதிகலன் என்ற அளவிலான ஆலைக்கு 1200 தாராளமாகப் போதும். 'பிறகு உதவும்' என்று புரொபெஷனலுக்குப் பணத்தை முடக்குவதை நான் ஏற்பதில்லை. பழைய எஸ்7-300 ஒன்று ஆலையில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது நியாயம். ஒற்றைக் கணினிக்கான சிங்கிள் உரிமத்தைவிட ஃப்ளோட்டிங் உரிமம் சிறந்தது. மென்பொருளைப் பல கணினிகளில் நிறுவி வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் என்ற கணக்கில் பயன்படுத்தலாம் என்பதால், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாறி மாறி வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளருக்கு அதுவே தோது. 21 நாள் சோதனை உரிமம் பழகிப் பார்க்க நல்லது. அதை நம்பி அறுவடைக் காலத்தைக் கடத்த முடியாது.

மறுபுறம், வேறு நிறுவனங்களின் நிரலாக்க மென்பொருள்களான டெல்டாவின் ஐ.எஸ்.பி சொஃப்ட், ஷ்னைடர் எம்221-க்கான மெஷின் எக்ஸ்பர்ட் பேசிக், ரொக்வெல் மைக்ரோ800-க்கான கனெக்டட் கொம்பொனன்ட்ஸ் வேர்க்பெஞ்ச்சின் ஸ்டாண்டர்ட் பதிப்பு ஆகியவற்றுக்குக் கட்டணமே இல்லை. அவற்றால் அந்தந்த நிறுவனத்தின் கருவியை மட்டுமே நிரலாக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் எந்த இளைஞனும் தன் கணினியில் நிறுவிக்கொண்டு வந்து பழுது பார்க்க முடியும் என்பது சிறிய ஆலைக்குப் பெரிய பாதுகாப்பு. புதிதாகத் தொடங்கும் ஆலைக்கு என் தெரிவு இவற்றுள் ஒன்றே.

பல நிறுவனங்களின் கருவிகளுக்குப் பொதுவான கோடெசிஸ் மென்பொருளின் கணக்கு வேறு. நிரல் எழுதும் கருவி இலவசம், அந்நிரலை ஓட்டும் ரன்டைமுக்குத்தான் ஒவ்வொரு கருவிக்கும் உரிமம் வாங்க வேண்டும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் உரிமமின்றி ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் அது நின்றுவிடும். புழுங்கலுக்கு நெல் ஊறவைத்திருக்கும் தொட்டியை அப்படி ஒரு கருவியிடம் ஒப்படைக்க முடியுமா? பெக்கோஃபின் ட்வின்கெட் 3-இலும் நிரலாக்கச் சூழல் இலவசம். திரையில் காட்டும் குறியீட்டைத் தட்டச்சு செய்து, ரன்டைமுக்கான ஏழு நாள் உரிமத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம் என்பதால், வீட்டில் இருந்து படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அரிது.

கிராக் செய்த பிரதி எந்த நிலையிலும் வேண்டாம். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல், ஸ்டெப் 7 இருந்த கணினிகளில் நுழைந்தே கட்டுப்படுத்திகளின் நிரலை மாற்றியது. யாரோ திருத்திய மென்பொருளோடு கொதிகலனைத் தொடும் துணிவு எனக்கு இல்லை.

பதிப்பையும் கவனிக்க வேண்டும். டி.ஐ.ஏ போர்ட்டலின் புதிய பதிப்புக்கு மாற்றிச் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆகவே இப்போது வேலை முடிந்ததும் நிறுவல் கோப்பு, மூல நிரல், உரிமக் குச்சி மூன்றையும் ஓர் உறையிலிட்டு முதலாளியின் அலுமாரியில் வைக்கச் சொல்கிறேன். பதிப்பு எண்ணை கொன்ட்ரோல் பெனல் கதவின் உட்புறம் அழியாத மையால் என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.