வீட்டில் ஒரு ஹோமியோபதி பெட்டி: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஹோமியோபதி பெட்டி உண்டு. மாமனார் வைத்திருந்தது. அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், டாக்டர் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த இனிப்பு உருண்டைகளோடுதான் வளர்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் "நாங்களும் ஒரு செட் வாங்கி வைக்கலாமா அக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1790ல் மலேரியாவுக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். காய்ச்சல் போன்ற அறிகுறிகள் தனக்கு வந்ததாக எழுதினார். எந்தப் பொருள் நல்ல உடம்பில் ஒரு தொந்தரவை உண்டாக்குமோ, அதுவே அந்தத் தொந்தரவு உள்ள நோயாளியைக் குணப்படுத்தும் என்பது அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த கொள்கை. 1810ல் அதை ஆர்கனான் என்ற நூலாக எழுதினார். ரத்தத்தை வடித்துவிடுவதும் பாதரசம் கொடுப்பதும்தான் வைத்தியம் என்றிருந்த காலம் அது. உடம்பை வதைக்காத ஒரு முறையை மக்கள் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

பெட்டியில் இருக்கும் பெயர்கள் பயமுறுத்தும், ஆனால் பாதி நமக்குத் தெரிந்த சரக்குதான். நக்ஸ் வோமிகா என்பது எட்டிக்கொட்டை. "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று சொல்வோமே, அதே எட்டி. அல்லியம் சீபா சமையலறை வெங்காயம். கல்கேரியா கார்ப் சிப்பி ஓட்டின் சுண்ணாம்பு. கார்போ வெஜ் கரி.

எட்டிக்கொட்டை விஷமாயிற்றே, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று எனக்கும் தோன்றியது. அதற்குப் பதில் குப்பியில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 30 என்ற எண்ணில் இருக்கிறது. மூலச்சாற்றில் ஒரு பங்கு எடுத்து 99 பங்கு சாராயக் கரைசலில் கலந்து குலுக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் 99 பங்கில். இப்படி 30 தடவை. எத்தனை மடங்கு நீர்த்துப்போகிறது என்று கணக்குப் போட்டால் 1க்குப் பின்னால் 60 சுழியங்கள் வரும். 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லாமல் போய்விடுகிறது என்பது பிளஸ் டூ வேதியியலில் வரும் அவகாட்ரோ எண்ணை வைத்தே தெரியும். ஆக 30, 200 என்று எழுதிய குப்பிகளில் நாம் கொடுப்பது சர்க்கரை உருண்டையும் அதில் ஊறி உலர்ந்த கரைசலும்தான்.

சரி, வேலை செய்ததா? சளிக்குக் கொடுத்தோம், சரியானது. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பெரியவளுக்குக் கொடுத்தோம், சில தடவை எடுக்கவில்லை, சில தடவை எடுத்தாள். ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஜலதோஷம். பெரியவள் எங்களோடு இருந்து உருண்டை சாப்பிட்டாள், சின்னவன் என் அம்மா வீட்டில் கற்பூரவல்லிச் சாறு குடித்தான். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே மூக்கு அடைப்பு விட்டது. இப்படி வருடக்கணக்காகப் பார்த்த பிறகு, தானாகச் சரியாகிற தொந்தரவுகள்தான் இதில் சரியாகின்றன என்ற முடிவுக்கு வந்தேன். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015ல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று சொன்னதும் இதோடு பொருந்துகிறது. நம் நாட்டில் இதற்குத் தனிப் படிப்பு உண்டு, சட்டம் உண்டு. மதுரை பக்கம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதிக் கல்லூரியே இருக்கிறது. அங்கீகாரம் இருப்பது வேறு, பலன் நிரூபணம் ஆவது வேறு.

அப்படியானால் பெட்டியை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று கேட்பீர்கள். மாமனார் மருந்து எடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகளுக்காக.

காய்ச்சல் என்று பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே குப்பியைத் திறக்க மாட்டார். "தாகம் எடுக்குதாம்மா? ஒரேயடியா ஒரு சொம்பு குடிக்கிறானா, வாய் நனைக்கிற மாதிரி அடிக்கடி கேட்கிறானா? அசையாம படுத்திருக்கிறானா, புரண்டுகிட்டே இருக்கானா? ஒன்னுக்குக் கடைசியா எப்ப போனான்?" நிறையக் குடித்து அசையாமல் கிடந்தால் பிரையோனியா, சிறுகச் சிறுகக் குடித்துப் பதறினால் ஆர்சனிக் ஆல்பம், தாகமே இல்லாவிட்டால் பல்சட்டில்லா என்று அவருடைய புத்தகத்தில் இருக்கும். மருந்துத் தேர்வை விடுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டில் நேரம், சூடு, குடித்தது, கழித்தது எல்லாம் எழுதி வைத்தேன். அப்புறம் மூடியில் நாலு உருண்டையைத் தட்டி, கை படாமல் நாக்கில் போடுவது. அழுகிற பிள்ளை அந்த இனிப்புக்காக வாயைத் திறக்கும். ஒவ்வொரு தும்மலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு ஓடாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க அந்த உருண்டை எங்களுக்கு உதவியது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

சின்னவனுக்கு ஒரு ஐப்பசியில் காய்ச்சல் வந்து, நாலாம் நாள் காலை சூடு விட்டது. எனக்கு நிம்மதி. ஆனால் அவன் விளையாட எழுந்திருக்கவில்லை, வயிறு வலிக்கிறது என்றான், வாந்தி நிற்கவில்லை. நோட்டைப் புரட்டிய மாமனார், "ராத்திரியிலிருந்து ஒன்னுக்கே போகலையேம்மா. பெட்டியை மூடு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றார். டெங்கு. அந்த நோயில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ஆரம்பிக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, சோர்வு, சிறுநீர் குறைவது எல்லாம் எச்சரிக்கை. டியூட்டி டாக்டர் அந்த நோட்டை வாங்கி வரிவரியாகப் படித்துவிட்டு டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். பிழைத்து வந்தான்.

அதனால்தான் ஹோமியோபதியில் அடிக்கடி சொல்லும் "முதலில் நோய் கூடும், பிறகு குறையும்" என்ற பேச்சை வீட்டில் நம்பவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். கூடுகிறது என்றால் கூடுகிறது, டாக்டரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வேளைகூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல், வலிப்பு, நெஞ்சுவலி, பாம்புக்கடி எதுவும் இந்தப் பெட்டிக்குள் அடங்காது. தடுப்பூசிக்குப் பதில் உருண்டை கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதும் அப்படித்தான்.

வாங்குவதென்றால் இன்னும் ஒன்று. 30, 200 என்ற எண்கள் இருந்தால் வெறும் உருண்டை என்று விடலாம். மதர் டிங்சர் (நீர்க்காத மூலச்சாறு), 3எக்ஸ் (பத்தில் ஒரு பங்காக மூன்றே தடவை நீர்த்தது) போன்றவை அப்படி அல்ல. அவற்றில் மூலப்பொருள் உண்மையிலேயே இருக்கும். 2017ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதி மாத்திரைகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிடச் சிலவற்றில் பெல்லடோனா மிக அதிகமாக இருந்தது. பெல்லடோனா நச்சுச்செடி. குழந்தைக்கு அந்த வகையை வாங்கவே வாங்காதீர்கள். சொட்டு மருந்தில் சாராயம் இருக்கும், தாது உப்புகளில் செய்யும் பயோகெமிக் மாத்திரைகளில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் இப்போது நாலைந்து குப்பிகள்தான் மிச்சம். நோட்டு மூன்றாவது ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் செட் கேட்டபோது ஒரு நோட்டும் தெர்மாமீட்டரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் முதலில் வாங்கச் சொன்னேன்.