வண்டிப் பட்டா காட்டிக்கொடுத்த எடை

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் தொழுவத்தையும் கொல்லையையும் பொங்கலுக்கு முன் ஒழித்துவிட வேண்டும் என்று இறங்கியபோது, வாசலுக்கே வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் நான் ஏமாந்த விதத்தை, இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குட்டி யானை வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். இரும்புக்குக் கிலோ 28 ரூபாய் என்றார்கள். டவுன் கடை விலையைவிட இரண்டு ரூபாய் அதிகம் என்பதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. "குப்பை கூளத்தையும் நாங்களே அள்ளிட்டுப் போயிடுறோம்ணே" என்றதில் மனம் குளிர்ந்தும் போனது. கமலைச் சால், ஏர்க் கொழுக்கள், புகைந்துபோன கிணற்று மோட்டார், மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஒன்று என எல்லாவற்றையும் கொக்கி வைத்த மின்னணுத் தராசில் மாட்டி, இருவர் கம்பில் கோத்துத் தோளில் தூக்க, மூன்றாமவர் எண்ணைப் படித்துச் சொன்னார். எண் தெரியும் பக்கம் கடைசிவரை அவரைப் பார்த்தே இருந்ததை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. பட்டா 17 கிலோ. மொத்தம் 212 கிலோ என்று 5,936 ரூபாய் கொடுத்தார்கள்.

பட்டாவின் ஜோடி விறகு அட்டிக்கு அடியில் கிடந்ததால் அன்று தப்பியது. இரண்டு வாரம் கழித்து அதை டவுன் கடையில் போட்டபோது 31 கிலோ இருந்தது. இரண்டும் ஒரே கொல்லுப்பட்டறையில் ஒரே அளவில் அடித்தவை. தேய்மானத்துக்கு ஒரு கிலோ கழித்தாலும் 17 வராது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டிலிருந்து 385 கிலோவாவது போயிருக்க வேண்டும். மோட்டாருக்குள் சுற்றியிருந்த செம்புக் கம்பி இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும் என்பதையும் அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். இதில் அவர்களுடைய சூதைவிட என் அறியாமைதான் பெரிது.

எடை போடுமுன், சீல் உடைக்காத சமையல் எரிவாயு சிலிண்டரைத் தராசில் மாட்டச் சொல்லுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் கைப்பிடிக்கு அருகில் எழுதப்பட்டிருக்கும், அதனுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எண்ணைத் தராசு காட்ட வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இட்டிருக்க வேண்டும் என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள். தமிழகத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

அள்ளிச் சென்ற குப்பையின் கதை தனி. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் பூச்சிமருந்து பாட்டில்களையும் எங்கள் ஊர்க் கண்மாய்க் கலுங்கின் ஓரத்திலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவின் பெயர் எழுதிய உரச் சாக்கு மேலாகக் கிடந்ததால், ஊரார் நேரே என்னிடம் வந்தார்கள். அதை அள்ளி அப்புறப்படுத்த டிராக்டருக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். வியாபாரி கொடுத்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வண்டி எண்ணையோ நான் குறித்துக்கொள்ளவே இல்லை.